காரீயப் பெட்ரோலும் பழைய வண்டியும்: தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



குடும்ப நலப் பிரசுரத்தில் பெட்ரோலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். கர்ப்பிணிப் பராமரிப்பு, தடுப்பூசி, பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி என்று எழுதிவரும் இடத்தில் வால்வு, டாப்பட் என்று தொடங்கினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் இந்த முறை மெக்கானிக் பட்டறை வழியாகத்தான் தொட்டிலுக்கு வந்து சேரப்போகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் போதும்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். அந்த வீட்டு வேப்பமரத்தடியில் அப்பா காலத்து அம்பாசிடர் கார் ஒன்று நிற்கிறது. முன்பெல்லாம் ராத்திரி இடுப்புவலி கண்டால் ஊரே அந்தக் காரைத்தான் தேடி வரும். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தபிறகு அந்த வேலை அதற்கு இல்லை. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கும்பிடப் போவது என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் இழுவை குறைந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்: "அண்ணே, இந்த இன்ஜின் ஈயப் பெட்ரோலுக்குன்னு செஞ்சது. இப்ப வர்ற பெட்ரோல்ல ஈயமே கிடையாது. வால்வு எப்படி நிக்கும்? பழைய பேட்டரியை உடைச்சு, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி, நாலு துண்டு டேங்குல போட்டு வைங்க. சரியாப் போயிரும்."

கணவர் அன்று சாயங்காலமே செத்த பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து முற்றத்தில் உடைக்க ஆரம்பிக்கிறார். வீட்டில் மனைவி ஆறு மாத கர்ப்பிணி. மூத்த பிள்ளைக்கு ரெண்டரை வயது, அப்பா எதைச் செய்தாலும் பக்கத்தில் போய் உட்காரும் வயது.

"ஏங்க, அந்தப் பொடியெல்லாம் பறக்குதே, பிள்ளை பக்கத்துல நிக்குதே?" என்று அந்தப் பெண் கேட்கிறாள்.

"ஈயம்தானே, ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிக்கலையா?" என்கிறார் அவர்.

இந்த ஒரு பதிலுக்குள் எத்தனை தவறு இருக்கிறது என்று பார்ப்போம்.

ஈயம் வேறு, காரீயம் வேறு

நம்மவர்கள் ரெண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்ற ஒரே பேரில்தான் கூப்பிடுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் முறைப்படி வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. அது வெளுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பேட்டரிக்குள் இருப்பதும், வீச்சுவலையின் ஓரத்தில் குண்டாகக் கோத்திருப்பதும், ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்திருந்ததும் காரீயம். கருத்த நிறம், நல்ல கனம், நகத்தால் கீறினாலே கோடு விழும். வெள்ளீயம் சமையலுக்கு ஆகும். காரீயம் விஷம். வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் சிலர் அதில் காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் ஈயச் சொம்பு வாங்குவதானால் நம்பிக்கையான பாத்திரக் கடையில் வாங்குங்கள். புளி கரைத்த ரசம் காரீயத்தை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

பெட்ரோலில் இதை ஏன் கலந்தார்கள்?

பெட்ரோல் இன்ஜினுக்குள் நடப்பது இதுதான். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் அதை நெருக்கும். சரியான நேரத்தில் பிளக் தீப்பொறி விடும். தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவி பிஸ்டனைத் தள்ளும். மட்டமான பெட்ரோலாக இருந்தால் தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். மேடு ஏறும்போது 'டக டக' என்று சுத்தியால் தட்டுகிற சத்தம் கேட்கிறதே, அதுதான். தட்டல் நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி என்பவர், காரீயத்திலிருந்து செய்த ஒருவகைத் திரவத்தைப் பெட்ரோலில் மிகக் கொஞ்சம் விட்டால் இந்தத் தட்டல் நின்றுவிடுகிறது என்று கண்டார். அதன் பேர் டெட்ரா எத்தில் லெட். 1923இல் கடைக்கு வந்தது. விற்கும்போது காரீயம் என்ற சொல்லையே விட்டுவிட்டு 'எத்தில்' என்று மட்டும் பேர் வைத்தார்கள். விற்கிறவர்களுக்கே அந்தச் சொல்மேல் பயம் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது! 1924இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப்போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மிட்ஜ்லியே காரீய விஷம் தாக்கி ஓய்வெடுக்கப் போனவர். இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. சாராய வகையான எத்தனாலைக் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு அப்போதே தெரியும். அது அவர்களுக்குத் தோதாக இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெட்ரோலில் கலந்தது, கரையும்படி ரசாயன முறையில் செய்த திரவம். பேட்டரியிலிருந்து உருக்கி எடுத்த கட்டிக் காரீயம் பெட்ரோலில் கரையவே கரையாது. டேங்கின் அடியில் கூழாங்கல் மாதிரிக் கிடக்கும். வால்வுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே நாம் சொன்ன அந்தக் கணவர் முற்றத்தில் செய்துகொண்டிருந்த வேலையால் காருக்குக் காலணா லாபம் கிடையாது. நஷ்டம் முழுவதும் வீட்டுக்குத்தான்.

வால்வுக்குக் காரீயம் தேவையா?

சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புகை வெளியேறும் வால்வு நெருப்பாகச் சிவந்துபோய், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தன் இருக்கையில் வந்து அடித்து உட்காரும். அந்த இருக்கையைத்தான் வால்வு சீட் என்கிறோம். காரீயப் பெட்ரோல் எரியும்போது உண்டான சாம்பல் அந்த இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, மெத்தை மாதிரி இருந்தது. படலம் இல்லையென்றால் சூட்டில் வால்வும் சீட்டும் நொடிப்பொழுது ஒட்டி ஒட்டிப் பிரியும். சீட் மெதுவான வார்ப்பிரும்பாக இருந்தால் அதிலிருந்து துளித்துளியாக இரும்பு பெயர்ந்து, சீட் உள்வாங்கிக்கொண்டே போகும்.

இந்தக் கோளாறை ஒரு வேடிக்கையான அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். சீட் உள்ளே போகப்போக டாப்பட் இடைவெளி குறையும். டாப்பட் சத்தம் அடங்கிவிடும். "வண்டி முன்னைக்கு இப்ப பூனை மாதிரி ஓடுதுய்யா" என்று சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். அது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை. இடைவெளி முழுவதும் போய்விட்டால் வால்வு மூடாமல் நிற்கும், நெருக்கம் ஓடிவிடும், ஸ்டார்ட் ஆகாது, கடைசியில் வால்வு கருகிவிடும்.

ஆனால் இது எந்த வண்டிக்கு வரும்? இங்கேதான் பலருக்கும் குழப்பம். டீசல் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டீசலில் என்றைக்கும் காரீயம் கலந்ததில்லை. பஸ், லாரி, டிராக்டர், கிணற்றடி டீசல் பம்புசெட் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அம்பாசிடரிலேயே டீசல் வண்டிகள் ஏராளம். உங்களுடையது டீசல் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

பழைய பஜாஜ் ஸ்கூட்டர், ராஜ்தூத், ஜாவா, 1980இல் வந்த டி.வி.எஸ். 50 போன்றவை டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றுக்கு இந்த மாதிரி வால்வே கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் அவற்றின் உயிர். இல்லாத வால்வுக்குக் காரீயம் எதற்கு?

ஹெட் அலுமினியத்தில் செய்த வண்டிகளுக்கும் பயமில்லை. பழைய புல்லட்டும் இதில் சேர்த்தி. அலுமினியம் வால்வு அடிக்குத் தாங்காது என்பதால் ஆரம்பத்திலேயே கடினமான உலோக வளையத்தைச் சீட்டாக இறுக்கித்தான் செய்திருப்பார்கள். புல்லட்டில் நெருக்கமும் குறைவு என்பதால் தட்டல் கவலையும் இல்லை.

மிச்சம் நிற்பது வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய பெட்ரோல் கார். பழைய பெட்ரோல் அம்பாசிடர் அந்த ரகம்தான். அதுவும் மணிக்கு 90, 100 என்று மணிக்கணக்கில் மிதித்து ஓட்டினால்தான் சீட் வேகமாகத் தேயும். நம்ம பக்கம் பந்தல்குடிக்கும் காரியாபட்டிக்கும் நிதானமாகப் போய்வரும் காருக்குத் தேய்மானம் மிக மெதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1ஆம் தேதி. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இத்தனை வருஷமும் அந்தக் கார் காரீயம் இல்லாத பெட்ரோலில்தானே ஓடியிருக்கிறது? இன்றைக்குத் திடீரென்று இழுவை குறைந்தால் முதலில் பிளக், கார்புரேட்டர், டைமிங், டாப்பட் இடைவெளி என்று பாருங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம். வேறு காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றும்போது, லேத் பட்டறையில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் போட்டுக்கொண்டால் அதோடு தீர்ந்தது. பாட்டிலில் விற்கிற 'காரீயத்துக்கு மாற்று' மருந்துகளில் பெரும்பாலும் பொட்டாசியம் போன்ற வேறு உப்புகள் இருக்கும். படலம் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாதாமாதம் அதற்குச் செலவழிப்பதைவிட ஒருதரம் சீட் போடுவது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். மண்ணெண்ணெய் கலக்கும் யோசனையைச் சொல்கிறவரிடம் வண்டியையே காட்டாதீர்கள். அது தட்டலை அதிகமாக்கும்.

காரீயப் பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்த கெடுதலை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதன் சாம்பல் பிளக்கில் படிந்து அடைக்கும். சாம்பலை வெளியே தள்ளுவதற்கென்று கலந்த வேறு மருந்துகள் சைலன்சரை அரித்துத் தின்றன. காரீயம் போனபிறகு பிளக்குக்கும் சைலன்சருக்கும் ஆயுள் கூடியது.

இப்போது பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. 2025இல் நாடு முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. தட்டலுக்கு அது நல்லது. ஆனால் பழைய ரப்பர் டியூபும் வாஷரும் அதில் உப்பி வெடிக்கலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்கில் துரு ஏறும். டியூப்களை அதற்கேற்ற புதியதாக மாற்றி, வண்டியை வாரத்துக்கு ஒருதரமாவது ஓட்டுங்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒதுக்கிய சாராயமே திரும்பி வந்து நிற்பதைப் பாருங்கள்!

இனி வீட்டுக்குள் வருவோம்

காரீயம் உடம்பை ஏமாற்றுகிற விதம் விசித்திரமானது. சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். உடம்பும் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கும். ரத்தத்தில் இருப்பது ஒன்றிரண்டு மாதத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். எலும்பில் போனது பத்து, இருபது வருஷத்துக்கும் மேல் பதுங்கிக் கிடக்கும்.

அது எப்போது வெளியே வரும் தெரியுமா? பெண் கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும். வயிற்றில் வளரும் சிசுவுக்கு எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தாய் சாப்பாட்டில் அது போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து கரைந்து போகும். கூடவே காரீயமும் கரைந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போய்ச் சேரும். சின்னப் பெண்ணாக இருந்தபோது உள்ளே போன காரீயம், அவள் தாயாகும்போது பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாம் இதனால் வரலாம்.

ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் உடம்பில் ஏறினால் விந்தணுவின் எண்ணிக்கையும் வீரியமும் குறையும். ரத்த அழுத்தம் கூடும். பிள்ளை இல்லை என்று மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று டாக்டர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேட்டரிக் கடை, பெயிண்ட் சுரண்டும் வேலை, ஈயப்பற்று வைக்கும் வேலை என்றால் அவசியம் சொல்லுங்கள்.

எல்லாரையும்விடச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வாய் வழியாகப் போகும் காரீயத்தில், பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் குடல் உறிஞ்சிவிடும். தவழுகிற பிள்ளை தரையில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். இரும்புச் சத்துக் குறைவான பிள்ளை இன்னும் அதிகமாக உறிஞ்சும். காய்ச்சல் வராது, கொப்புளம் வராது. பிள்ளை கொஞ்சம் சோர்வாக இருக்கும், எதற்கும் சிணுங்கும், வயிறு வலி என்னும், ரத்தசோகை காணும். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறாது. "மண்டையில ஒண்ணும் ஏறல, மக்கு" என்று வாத்தியாரும் சொல்வார், வீட்டிலும் சொல்வோம். அந்தப் பிள்ளை மக்காகப் பிறக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? இதுவரை பாதிப்பில்லாத அளவு என்று ஒன்றுமே கண்டுபிடிக்கப்படவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்குபோட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். சின்னக் குழந்தையின் உடம்பில் மொத்தம் ஏறத்தாழ ஒரு லிட்டர் ரத்தம். அதில் 50 மைக்ரோகிராம் காரீயம் சுற்றினால் அந்த எல்லை எட்டிவிடும். நம் நாட்டுப் பழைய பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை காரீயம் இருந்தது. அஞ்சு லிட்டர் எரித்தால் 2.8 கிராம், அதாவது 28 லட்சம் மைக்ரோகிராம். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத தூளாக வெளியே வந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி நின்றது?

லேசில் நிற்கவில்லை. 1979இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் எவ்வளவு காரீயம் என்று பார்த்தார். பல்லில் காரீயம் அதிகமாக இருந்த பிள்ளைகள் புத்திச் சோதனையிலும் வகுப்பில் கவனிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். (நாம் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்துவிடுகிறோம். அதில் இவ்வளவு கதை எழுதியிருக்கிறது.) 1976க்கும் 1980க்கும் நடுவில் அங்கே பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கக் குறைக்க, ஜனங்களின் ரத்தத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இந்தியாவில் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தலையிட்டது. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில், புகையைச் சுத்தம் செய்யும் கருவி பொருத்திய புதுக் கார்களுக்காகக் காரீயமில்லாத பெட்ரோல் விற்றார்கள். அந்தக் கருவி காரீயம் பட்டால் கெட்டுப்போகும். பிள்ளையின் மூளைக்காக மட்டும் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எப்படியோ நடந்தது. 2000இல் நம்ம அருப்புக்கோட்டை பங்குக்கும் அதே பெட்ரோல் வந்தது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா நாடு 2021 ஜூலையில் நிறுத்தியது.

ஆனாலும் கதை முடிந்துவிடவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 700க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பெட்ரோலில் காரீயம் நின்று சில வருஷங்கள் ஆகியும் அவர்கள் ரத்தத்தில் சராசரி 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. காரீயம் மக்காது, ஆவியாகாது. பழைய சாலையோரப் புழுதியில் அப்படியே கிடக்கும். அதோடு புது வழிகளும் இருக்கின்றன.

முற்றத்தில் வருகிற காரீயம்

நம்ம பக்கத்தில் முதல் குற்றவாளி பழைய பேட்டரி. வீச்சுவலைக்குக் குண்டு வார்க்க, தூக்குக்குண்டு செய்ய என்று அதை வீட்டிலேயே உடைத்து அடுப்பில் உருக்குகிறார்கள். கண்மாய் அழியும் நாளில் சிறுவர்கள் வலைக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதையும் பார்க்கலாம். பேட்டரித் தகட்டில் இருக்கும் பொடி, கட்டிக் காரீயத்தைவிடச் சுலபமாக உடம்பில் ஏறும். உருக்கும்போது வரும் புகையும் அப்படியே. செத்த பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதுசுக்கு விலையில் கழித்துக்கொள்வார்கள். உடைக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

பேட்டரிக் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்க்கும் கணவர் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். தூக்கத்தான் தோன்றும். தூக்காதீர்கள். சட்டையில் பொடி இருக்கிறது. வாசலிலேயே சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கைகால் முகம் கழுவிவிட்டு அப்புறம் தூக்குங்கள். அம்மா, அந்தச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உதறாமல் நேராகத் தண்ணீரில் போடுங்கள். கர்ப்பமாக இருந்தால் வேறு யாரையாவது துவைக்கச் சொல்லுங்கள். வேறு ஆள் இல்லையென்றால் கணவரே அலசிப் போடட்டும், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

சிவகாசி பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். பட்டாசில் காரீயம் சேர்க்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த மருந்துக் கலவையானாலும் அதைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காரக் கூடாது. பளபளவென்று மஞ்சள் ஏற்றிய மஞ்சள் கிழங்கில் காரீயச் சாயம் ஏற்றுகிற மோசடி தெற்காசிய நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நிறம் கையில் ஒட்டுகிற கிழங்கை வாங்காதீர்கள். பழைய பெயிண்ட் உரிந்த கதவுப் பக்கம் தொட்டில் கட்டாதீர்கள்.

கர்ப்பிணிகளில் சிலருக்கு மண், சாம்பல், பல்பம் தின்னும் ஆசை வரும். வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையில் ஒளித்துத் தின்பார்கள். இது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். திட்டாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பட்டறைப் பக்கத்து மண்ணாக இருந்தால் ரெட்டை ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பானைக்குள் போட்டு வைக்காமல் சாப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்காமல் வேறு வேறு வேளையில் சாப்பிட வேண்டும். நம்ம காட்டில் விளைவதே நல்ல மருந்து. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய. கம்பிலும் முருங்கைக்கீரையிலும் இரும்பு உண்டு. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு உடம்பில் ஒட்டும். இரும்பும் சுண்ணாம்பும் போதுமான அளவு இருந்தால் காரீயத்துக்கு உள்ளே இடம் குறையும். வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளை காரீயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் காலையில் ஏதாவது கொடுத்துத்தான் வெளியே விளையாட விடவேண்டும்.

காரீயம் போய்விட்டதால் பெட்ரோல் நல்லதாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். இன்றைய பெட்ரோலிலும் பென்சீன் என்ற நஞ்சு சிறிதளவு உண்டு. டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெட்ரோல் இருந்த கேனில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

நாம் சொன்ன அந்த வீட்டில் இப்போது என்ன செய்யவேண்டும்? உடைத்த பேட்டரித் துண்டுகளைக் கர்ப்பிணி தொடக்கூடாது. கணவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துப் புழுதி பறக்காமல் செய்து, துண்டுகளைச் சாக்கில் அள்ளிப் பேட்டரிக் கடையில் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆசிட் கையில் பட்டால் வெந்துவிடும், ரப்பர் உறை போட்டுக்கொள்ள வேண்டும். பொடி சிந்திய இடத்தை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைக்கலாம். மண் தரையானால் மேல்மண்ணைச் சுரண்டி, கிணற்றுக்கும் கண்மாய்க்கும் தள்ளி, பிள்ளைகள் போகாத இடத்தில் குழி தோண்டி மூடிவிட்டு, முற்றத்தில் புதுமண் பரப்பி மெழுகலாம். தாயையும் மூத்த பிள்ளையையும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய், நடந்ததை டாக்டரிடம் அப்படியே சொல்லி, ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். காரை மெக்கானிக்கிடம் விட்டு டாப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லலாம். அது அடுத்த வாரம் போனாலும் பரவாயில்லை.